மூன்று நாட்டு எல்லையில் சின்னச் சின்ன ஊற்றுகள்

போன சித்திரையில் எங்கள் தோட்டத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம். காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டுப் பக்கம் இருக்கிற மேட்டு நிலம். ரிக் வண்டி ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ஓட்டி 1,100 அடி போனது, கடைசி வரைக்கும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது, ஈரம்கூடத் தட்டவில்லை. விடிந்ததும் என் அக்கா மகன், ஏழாவது படிக்கிறவன், அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான்: "ஏனுங் மாமா, சகாராவுல மழையே இல்லைங்கறாங்க, ஆனா அங்க ஊத்து இருக்குதுன்னு போட்டிருக்குது. நமக்கு மழை பெய்யுது, ஆயிரம் அடிக்குத் தண்ணியே இல்லை. அதெப்படிங்க?"

நல்ல கேள்வி. அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நிலவியல் படிக்காத யாருக்கும் புரியும், நம் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அவன் விரல் வைத்திருந்த இடம் ஆப்பிரிக்காவின் வடகிழக்கு. எகிப்து, லிபியா, சூடான் மூன்றும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்கிற மூலை. வரைபடத்தில் அங்கே எல்லைக் கோடுகள் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இருக்கும், உண்மையிலேயே அப்படித்தான் போட்டார்கள்: எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே 22-ஆம் அட்சரேகை, எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவே 25-ஆம் தீர்க்கரேகை. இரண்டும் வெட்டுகிற இடத்தில் தனியாக ஒரு மலை நிற்கிறது. பேர் உவைனாத், உயரம் 1,934 மீட்டர். அங்கிருந்து கிழக்கே நைல் நதிக்குப் போக 600 கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூரிலிருந்து சென்னை போகிற தூரத்தைவிட அதிகம், நடுவில் ஒரு ஆறு கிடையாது, ஓடை கிடையாது. வடமேற்கே குஃப்ரா என்கிற பாலைவன ஊர், அதுவும் 300 கிலோமீட்டர் தள்ளி.

மழைக் கணக்கைச் சொன்னால்தான் அந்த வறட்சி புரியும். எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது, அதனால்தான் வறண்ட சீமை என்று பேர் வாங்கினோம், அப்படியிருந்தும் வருடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் பெய்துவிடுகிறது. உவைனாத்தில் சராசரி 5 மில்லிமீட்டர்கூட இல்லை. அதாவது நமக்கு ஒரு வருடத்தில் பெய்கிற மழை அங்கே பெய்து முடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகும். சராசரி என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பல வருடம் ஒரு சொட்டும் விழாமல் கிடக்கும், அப்புறம் ஒரு நாள் ஒரே ஒரு மேகம் மலையின் ஒரு பக்கத்தில் மட்டும் கொட்டிவிட்டுப் போகும்.

அப்படிப்பட்ட மலைக்கு வைத்திருக்கிற பேரைப் பாருங்கள். அரபியில் 'ஐன்' என்றால் ஊற்று, 'உவைனாத்' என்றால் சின்னச் சின்ன ஊற்றுகள். அதே 'ஐன்' என்கிற சொல்லுக்கு இன்னொரு பொருள் கண். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஞாபகம் வந்தது. அவர் கிணற்றுக்குள் என்னை இறக்கிவிட்டு, மேலே நின்றுகொண்டு, "கண்ணு, அந்த மூலையில கண்ணு தொறந்திருக்குதா பாரு" என்பார். முதல் கண்ணு நான், இரண்டாவது கண்ணு ஊற்றுக்கண். பாறையின் விரிசலிலிருந்து தண்ணீர் கசிகிற இடத்துக்கு நாமும் கண் என்றுதான் பேர் வைத்திருக்கிறோம். ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்தில் இருக்கிற இரண்டு சனங்கள் ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சரி, ஊற்றுக்கு வருவோம். அந்தப் பாலைவனத்தில் ஊற்று என்று சொல்கிறவை உள்ளுக்குள்ளே இரண்டு ரகம். பார்க்கும்போது இரண்டிலும் தண்ணீர்தான் இருக்கும், ஆனால் அது வந்த வழி வேறு, வயசு வேறு.

முதல் ரகம் உவைனாத் மலையிலேயே இருப்பது. மலையின் மேற்குப் பாதி கிரானைட், கிழக்குப் பாதி மணற்பாறை. கிரானைட் பக்கத்தின் தென்மேற்கு அடிவாரத்தில் ஐன் துவா என்று ஒரு ஊற்று. வீடு வீடாக இருக்கிற உருண்டைப் பாறைகள் மேலிருந்து சரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், அந்தப் பொந்துகளுக்குள்ளே தண்ணீர் நிற்கும். அது பூமிக்கு அடியிலிருந்து பொங்கி வருவதில்லை. எப்போதோ பெய்த மழை. கிரானைட் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் மலைமேல் விழுந்த மழை மொத்தமும் வழுக்கிக்கொண்டு கீழே வந்து, பாறை இடுக்கில் புகுந்து, வெயிலும் காற்றும் எட்டாத இடத்தில் தேங்கிவிடுகிறது. திறந்த குட்டையாக இருந்தால் அந்த வெயிலுக்குச் சில வாரத்தில் வற்றிவிடும். பாறைக்கு அடியில் இருட்டில் கிடப்பதால் வருடக்கணக்கில் தாங்குகிறது.

நம் ஊரில் இதற்கு அச்சான பேர் இருக்கிறது: சுனை. வெள்ளியங்கிரி ஏறியிருந்தால் கைதட்டிச் சுனையிலும் பாம்பாட்டிச் சுனையிலும் தண்ணீர் குடித்திருப்பீர்கள். மாசி, பங்குனி வெயிலில், மழை பெய்து மாதக்கணக்கில் ஆன பிறகும், பாறையிலிருந்து சில்லென்று சொட்டிக்கொண்டிருக்கும். அங்கே பெய்கிற மழைக்கும் உவைனாத்தின் மழைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, உவைனாத்தில் சொட்டுவதும் கிடையாது, தேங்கி நிற்பதோடு சரி. ஆனாலும் வேலை நடக்கிற விதம் ஒன்றுதான். மலை மழையைப் பிடிக்கிறது, பாறை அதை ஒளித்து வைக்கிறது, கொஞ்சமாகக் கொடுக்கிறது.

இந்த ரகத் தண்ணீருக்கு ஒரு குணம், திரும்ப வரும். தாமதமாக வரும், கொஞ்சமாக வரும், ஆனால் மழை வந்தால் வரும்.

அந்தக் கொஞ்சத் தண்ணீரை நம்பி ஆட்கள் வாழ்ந்தும் இருக்கிறார்கள். 1923-இல் அஹ்மத் ஹசனைன் என்கிற எகிப்தியர் ஒட்டகங்களோடு மத்தியதரைக் கடலோரத்தில் கிளம்பி, சீவா, குஃப்ரா வழியாக இந்த மலைக்கு வந்து, அப்படியே தெற்கே சூடான் போய்ச் சேர்ந்தார், மொத்தம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். அதுவரை வெளியுலகத்தின் வரைபடத்தில் உவைனாத் மலையே கிடையாது. அவர் போனபோது அங்கே சுமார் 150 பேர் ஆடும் ஒட்டகமும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பகல் வெயிலுக்கு பயந்து ராத்திரியில் நடந்து நடந்து அங்கே போனவர், பாறையில் செதுக்கிய படங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒட்டகச்சிவிங்கி, மாடு, நெருப்புக்கோழி எல்லாம் இருக்கிறது, ஒட்டகத்தை மட்டும் காணோம். பாலைவனத்துக்காரன் ஒருவன் படம் போட்டால் முதலில் ஒட்டகத்தைத்தானே போடுவான்? அப்படியானால் அந்தப் படங்கள் ஒட்டகம் அந்தச் சீமைக்கு வருவதற்கு முன்னால் போட்டவை என்று அவர் ஊகித்தார். சரியான ஊகம். இல்லாத ஒரு விலங்கை வைத்துக் காலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

படங்கள் அதிகம் இருக்கிற பள்ளத்தாக்கின் பேர் கர்கூர் தல்ஹ். தல்ஹ் என்றால் அரபியில் வேல மரம். எங்கள் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், வெள்வேல மரம் நிற்கிற மாதிரி அங்கேயும் ஓடை மணலில் வேல மரம் தனித்தனியாக நிற்கும், வேர் அடியில் இருக்கிற ஈரத்தைத் தேடிப் போயிருக்கும். அந்தப் பாறைகளில் மாடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. காங்கேயம் காளை வளர்க்கிற ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: இத்தனை மாட்டுக்குப் புல் எங்கே, தண்ணீர் எங்கே?

அங்கேதான் இரண்டாவது ரகம் தொடங்குகிறது.

சகாரா எப்போதும் பாலைவனமாக இருந்ததில்லை. ஏறக்குறைய 11,000 வருடத்துக்கு முன்னிருந்து 5,000 வருடத்துக்கு முன் வரை அங்கே பருவமழை பெய்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது அதன் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாகத் தலையாட்டும், அதனால் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு ஒருமுறை வடபாதியில் கோடை வெயில் கூடிக் குறையும், வெயில் கூடினால் பருவமழை இன்னும் வடக்கே ஏறும். அந்தக் காலத்தில் ஏரி இருந்தது, புல்வெளி இருந்தது, மாடு மேய்ந்தது. அதற்கு முன்னாலும் இப்படி ஈரக்காலங்கள் பலமுறை வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பெய்த மழையில் ஒரு பங்கு கீழே இறங்கி மணற்பாறைக்குள் தங்கிவிட்டது.

மணற்பாறைக்குள் தண்ணீர் எப்படித் தங்கும்? அக்கா மகனுக்கு இதைச் செய்தே காட்டினேன், நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வாளியில் விளிம்பு வரை ஆற்று மணலை நிரப்புங்கள். வாளி நிறைந்துவிட்டது, இனி எதுவும் போகாது என்றுதான் தோன்றும். அதில் தண்ணீர் ஊற்றினால் சொம்பு சொம்பாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மணலுக்கும் மணலுக்கும் நடுவே இருக்கிற சந்து அவ்வளவு. பக்கத்தில் ஒரு கருங்கல்லை வைத்து அதன்மேல் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், கல்லில் விரிசல் இருந்தால் மட்டும் ஒரு இழை உள்ளே போகும். எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாட்டுக்கு அடியில் கிடப்பது மணல் வாளி, நமக்கு அடியில் கிடப்பது கருங்கல்.

அந்த வாளிக்கு நூபிய மணற்பாறை நீர்த்தேக்கம் என்று பேர். பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் இருக்கிற தண்ணீர் சுமார் 1,50,000 கன கிலோமீட்டர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மேட்டூர் அணை முழுசாக நிரம்பினால் 93.47 டி.எம்.சி., கணக்குப் போட்டால் ஐம்பதாயிரம் மேட்டூர் அணைக்கு மேல் வருகிறது. உலகத்தின் மிகப் பெரிய பழந்தண்ணீர்ச் சேமிப்புகளில் ஒன்று, உலகத்தின் மிகவும் வறண்ட இடங்களில் ஒன்றுக்கு அடியில் கிடக்கிறது.

பழந்தண்ணீர் என்றேன், எவ்வளவு பழசு? மழைநீர் மண்ணுக்குள் போகும்போது காற்றையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். அந்தக் காற்றில் கிரிப்டான்-81 என்கிற அணு மிக மிகக் குறைந்த அளவில் இருக்கும், அது பாதியாகத் தேய இரண்டு லட்சத்துச் சொச்சம் வருடம் ஆகும். தண்ணீரில் அது எவ்வளவு மிச்சம் என்று எண்ணினால் தண்ணீர் மண்ணுக்குள் போன காலம் தெரிந்துவிடும். எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக் கிணறுகளில் இப்படி எண்ணிப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. வந்த விடை 2 லட்சத்திலிருந்து 10 லட்சம் வருடம். அதாவது நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றுவதற்கு முன்னால் பெய்த மழையைக்கூட அங்கே இன்றைக்குப் பேரீச்சைக்குப் பாய்ச்சுகிறார்கள்.

சரி, கீழே கிடக்கிற தண்ணீர் மேலே ஏன் வருகிறது? நிலம் அதைத் தேடிக் கீழே போகிற இடத்தில் வருகிறது. லட்சக்கணக்கான வருடம் பாலைவனக் காற்று மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டு போனதில் பெரிய பெரிய பள்ளங்கள் உண்டாகின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றைப் பார்த்தவர்களுக்குக் காற்றின் வேலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காற்று எதுவரை தோண்டும்? ஈரம் தட்டுகிற வரைக்கும்தான். களத்தில் தூற்றும்போது நனைந்த பதர் பறக்காது பாருங்கள், அதே மாதிரி நனைந்த மணலையும் காற்றால் தூக்க முடியாது. ஆகவே பள்ளம் நிலத்தடி நீர் மட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும், அங்கே தண்ணீர் கசியும், ஈச்சை முளைக்கும், ஊர் வரும். பாலைவனச் சோலைகள் பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சீவா அப்படி ஒரு ஊர். உவைனாத்துக்கு வடக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர், லிபிய எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் போல. கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே சுண்ணாம்புப் பாறை, அதற்கு ரொம்பக் கீழே அந்த மணற்பாறை, பாறைப் பிளவுகள் வழியாக அழுத்தத்தோடு தண்ணீர் ஏறி வருகிறது. வட்டக் கிணறு மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள், அடியிலிருந்து குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அலெக்சாண்டர் கி.மு. 331-இல் குறி கேட்க இந்த ஊருக்குத்தான் வந்தார்.

இங்கே இருந்த சூரிய ஊற்றைப் பற்றி கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் என்கிற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்: விடியற்காலையில் வெதுவெதுப்பு, உச்சி வெயிலில் சில்லென்று, நடுராத்திரியில் கொதிக்கும் என்று. கேட்டால் அதிசயம் மாதிரி இருக்கும். மார்கழிக் காலையில் கிணற்றில் குளித்தவர்களுக்கு இது அதிசயம் கிடையாது. பனி கொட்டும்போது கிணற்றுத் தண்ணீரில் ஆவி பறக்கும், உள்ளே இறங்கினால் கதகதவென்று இருக்கும், சித்திரை மதியம் அதே கிணறு சில்லென்று இருக்கும். தண்ணீரின் சூடு மாறவே இல்லை, மாறியது காற்றும் நம் உடம்பும். ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர் வருடம் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் என்பதைத்தான் ஹெரோடோட்டஸ் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார், கொஞ்சம் கூட்டி.

எல்லைக் கோடு நேராக இருக்கிறது என்றேன் அல்லவா, அதை இப்போது திரும்பப் பாருங்கள். தெற்கிலிருந்து 25-ஆம் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே வருகிற எகிப்து–லிபியா கோடு, சீவா பக்கம் வந்ததும் வளைந்து நெளிகிறது. அங்கே சீவா என்றும் ஜக்பூப் என்றும் தண்ணீர் இருக்கிற இரண்டு ஊர்கள். 1925-இல் எகிப்தும், அன்றைக்கு லிபியாவை வைத்திருந்த இத்தாலியும் பேசி முடித்ததில் சீவா எகிப்துக்கு, ஜக்பூப் லிபியாவுக்கு. தண்ணீர் இல்லாத இடத்தில் ஸ்கேல் போதும், தண்ணீர் இருக்கிற இடத்தில் பேரம் நடக்கும். உவைனாத் மலையிலும் அப்படித்தான், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இத்தாலியப் படை முகாம் போட்டது ஐன் துவா, ஐன் சுவையா என்கிற ஊற்றுகளின் பக்கத்தில். வேறெங்கே போட முடியும்?

இப்போது அந்தப் பழந்தண்ணீரை மோட்டார் வைத்து எடுக்கிறார்கள். லிபியா 1984-இல் வேலையைத் தொடங்கி, தெற்குப் பாலைவனத்துக் கிணறுகளின் தண்ணீரை 4 மீட்டர் விட்டமுள்ள குழாய்களில் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கட்டியது, 1991-இல் தண்ணீர் பென்காசி போய்ச் சேர்ந்தது. லாரியே உள்ளே ஓடலாம், அவ்வளவு பெரிய குழாய். எகிப்து தன் பங்குக்கு, மலைக்குக் கிழக்கே 'ஷர்க் அல் உவைனாத்' என்ற பேரில் பெரிய பண்ணைகள் போட்டிருக்கிறது. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் பழுப்பு மணலுக்கு நடுவே பச்சை வட்டம் வட்டமாகத் தெரிவது அதுதான், நடுவில் கிணறு, அதைச் சுற்றிச் சுழலும் நீண்ட தெளிப்புக்குழாய்.

இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தாகம் எடுத்தவன் கிணற்றைத் தோண்டத்தான் செய்வான். ஆனால் எடுப்பது வைப்புத் தொகையின் வட்டி கிடையாது, முதல். மேலே 5 மில்லிமீட்டர் மழை, அதில் கீழே இறங்குவது ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் மேட்டூர் என்றாலும், போர் போட்ட இடத்தைச் சுற்றி நீர்மட்டம் குழிந்துகொண்டே போகும், பக்கத்துச் சின்ன ஊற்று முதலில் கண்ணை மூடிவிடும்.

சீவாவில் தலைகீழான சிக்கல். அங்கே ஆளாளுக்குக் கிணறு தோண்டிவிட்டு அடைக்காமல் விட்டதில் தண்ணீர் இரவும் பகலும் வழிந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊர், வடிந்து ஓட வழியில்லை, பள்ளத்தில் ஏரியாகச் சேர்ந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. ஏரி ஏறி ஏறி ஈச்சந்தோப்பின் வேரைத் தொட்டுவிட்டது. அந்த ஊர்ப் பழைய வீடுகள்கூட உப்பு கலந்த மண்கட்டியால் கட்டியவை. 1926-இல் மூன்று நாள் மழை பெய்து அந்தப் பழைய கோட்டையூர் கரைந்து சரிந்துபோனது. மழைக்குப் பழக்கமில்லாத ஊரின் சுவர் மழையைத் தாங்காது.

இனி அக்கா மகன் கேட்ட கேள்விக்கு. நம் போரில் ஏன் வரவில்லை? கொங்குச் சீமையின் அடியில் கிடப்பது கருங்கல் வகைப் பாறை. அதற்குள் சந்து கிடையாது. மேலே மக்கிய பாறை கொஞ்ச ஆழம், அதற்குக் கீழே விரிசல்கள், தண்ணீர் இருப்பதெல்லாம் அங்கேதான். ஆழம் போகப் போக மேலே இருக்கிற பாரத்தில் விரிசல்கள் நெருங்கி மூடிக்கொள்ளும், அதனால் 1,000 அடியில் ஒரு விரிசலைத் தொட்டால் அது அதிர்ஷ்டம், தொடாவிட்டால் புழுதி. சகாராவில் போர் ஆழம் போகிறது என்றால் வாளியின் அடிவரை போகிறார்கள் என்று பொருள். நமக்கு அடியில் வாளியே இல்லை. அப்படிப் பார்த்தால் நாம் சீவாவின் கூட்டாளி கிடையாது, உவைனாத்தின் கூட்டாளி. உவைனாத் மலை இருக்கிற இடத்திலும் அடிப்பாறை மேலே தூக்கி நிற்கிறது, மணற்பாறை நீர்த்தேக்கம் அங்கே மெலிந்துபோகிறது. அதனால்தான் அந்த மலைக்காரர்கள் பத்து லட்சம் வருடத்துத் தண்ணீருக்கு அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, போன மழையின் மிச்சத்தைப் பாறை இடுக்கில் தேடினார்கள்.

ஒரு பெரிய வித்தியாசம், நமக்கு மழை வருடா வருடம் வருகிறது.

ஆடியில் அப்புச்சி வெட்டிய பழைய கிணற்றைத் தூர் வாரினோம். 70 அடிக் கிணறு, பத்து வருடமாகக் குப்பை கொட்டிக் கிடந்தது, நாலு பேர் ஒன்பது நாள் சேறும் சருகும் கல்லும் எடுத்தார்கள். மேட்டிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீர் கிணற்றுக்கு மேற்கே ஒரு குழியில் நின்று இறங்குகிற மாதிரி வரப்பைத் திருப்பினோம். ஐப்பசியில் நாலு மழை. ஐந்தாம் நாள் பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நான் மேலே நின்று, "கண்ணு, வடகிழக்கு மூலையில பாரு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் கீழேயிருந்து, "மாமா, ரெண்டு கண்ணு தொறந்திருக்குதுங்க" என்றான். இப்போது கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தோறும் இறக்கி அளந்து நோட்டில் எழுதுகிறான். போன வாரம் பதினொரு முடிச்சு நனைந்திருந்தது.